மருத்துவ மாணவரின் விருப்பமும் நோயாளியின் தேவையும்

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். தமக்குக் கற்பித்த ஆசிரியப் பெருமக்களை நன்றியோடு நினைவுகூர்வது ஒருவகை. இன்று கற்கும் மாணவருக்கு அறிவுரை கூறுவது மற்றொரு வகை. இரண்டும் வேண்டியனவே. எனினும், மடுல்கெல்லயில் வாழும் பழைய மாணவராகிய நாம் இம்மலரில் வேறொரு பொருளைப் பற்றிப் பேச விழைகின்றோம். கற்பவர் தாம் எம்முறையிற் கற்க விரும்புகின்றனர் என்று அவரையே கேட்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அவ்விருப்பத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தல் தகும்? இவ்வினாவை மருத்துவக் கல்வியை முன்வைத்து ஆராய்வதே எமது நோக்கம். மருத்துவம் பயில்வோர் தாம் கற்ற கல்லூரிக்குப் பெருமை தருவோர். அவர்தம் கல்வியில் நேரும் குறையோ அவரோடு நில்லாது நோயாளியையும் சென்று பற்றுவது. ஆதலின் இப்பொருள் ஆராயத்தக்கதே.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக ஏறிவரும் பாதை நக்கிள்ஸ் மலைச்சாரலை அணுகும் இடத்திலே எமது ஊர் அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் இது. இப்பகுதியிலிருந்து மருத்துவ பீடத்துக்குச் செல்லும் மாணவர் தொகை மிகச் சிறிது. ஆதலின் அவர்களுள் ஒருவர் விடுமுறையில் வந்தாலும் ஊரே அறியும். சென்ற விடுமுறையிலே, இங்கும் அயலிலும் இருந்து வெவ்வேறு பீடங்களுக்குச் சென்ற மூவர் ஒருங்கே வந்திருந்தனர். ஒருநாள் மாலை, பனிமூட்டம் இறங்கி எதிர்மலை மறைந்த வேளையில், எம்முள் ஒருவர் வீட்டு விறாந்தையில் அவர்களோடு உரையாடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. அவர்களுக்குக் கற்பிக்கப்படும் முறைகளுள் எதனைப் பெரிதும் விரும்புகின்றனர் என வினவினோம்.

இரண்டாம் ஆண்டு மாணவர் விரிவுரையையே விரும்புவதாகக் கூறினார். விரிவுரையாளர் ஒழுங்காகச் சொல்லிச் செல்கிறார். அச்சிட்ட குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றை மும்முறை படித்தால் பரீட்சைக்குப் போதும் என்பது அவர் கருத்து. மூன்றாம் ஆண்டு மாணவர், மண்டபத்துக்குச் செல்வதினும் பதிவுசெய்யப்பட்ட விரிவுரையைக் கைத்தொலைபேசியிற் கேட்பதே நன்று என்றார். விளங்காத இடத்தில் நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம் என்பது அவர் கூறிய காரணம். இறுதியாண்டு மாணவரோ, நோயாளியின் கட்டிலருகே நின்று கற்றவையே தம் நெஞ்சில் நிலைத்தன என்றும், முதலிரண்டு ஆண்டுகளிலே தாமும் அச்சிட்ட குறிப்புகளையே நம்பியிருந்ததாகவும் கூறினார்.

சிறுகுழுக் கலந்துரையாடலைப் பற்றிக் கேட்டபோது இளையவரின் முகம் மாறிற்று. "இருநூறு பேர் இருக்கும் மண்டபத்தில் என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஐயா. பத்துப்பேர் இருக்கும் குழுவில் என் முறை வந்துவிடும். விடை எனக்குத் தெரியும். அதை நான் ஆங்கிலத்தில் ஆக்கி முடிக்குமுன் இன்னொருவர் சொல்லிவிடுவார். இவனுக்குத் தெரியாது என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்" என்றார்.

இவ்விடையைக் கேட்டபின், நாம் கேட்ட வினாவே குறையுடையது என்பதை உணர்ந்தோம். அவர் விரிவுரையை விரும்புவது அதன் சிறப்புக்காக அன்று. அஃது அவருக்குப் புகலிடமாய் இருப்பதனாலேயே. க.பொ.த. உயர்தரம் வரை தமிழிலே விஞ்ஞானம் கற்ற ஒருவர், மருத்துவ பீடத்திற் புகுந்த நாள்முதல் ஆங்கிலத்திலே கற்க வேண்டியவராகின்றார். நகரப் பாடசாலைகளில் ஆங்கிலம் வீட்டிலும் விளையாட்டிடத்திலும் புழங்கக் கேட்டு வளர்ந்தவர்க்கு இம்மாற்றம் ஒரு படி. தோட்டத்திலே பிறந்து, தோட்டப் பாடசாலையில் எழுத்தறிந்து, உயர்தர விஞ்ஞான வகுப்பைத் தேடி ஊர்விட்டுச் சென்ற ஒருவர்க்கோ அது மலையேற்றம். இவ்விருவரும் ஒரே வினாத்தாளில் ஒரே விடைக்கு எதிரே அடையாளமிடலாம். எனினும் அவ்விரு அடையாளங்களும் ஒருபொருள் தருவன அல்ல.

அன்று மாலை நிகழ்ந்த மற்றொன்றையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். ‘டாக்டருக்குப் படிக்கும் தம்பி’ வந்திருப்பதை அறிந்த அயல் லயத்து முதிய அம்மையார் ஒருவர், தம் மாத்திரைப் பொதியோடு விறாந்தைக்கு வந்தார். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்து ஓய்ந்தவர் அவர். "தம்பி, எனக்குச் சீனி வருத்தமுன்னு மாத்திர குடுத்திருக்காங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். அப்புறம் எதுக்கு இதத் தெனம் முழுங்கணும்?" என்று இளைய மாணவரைக் கேட்டார்.

அப்பாடத்திலே நல்ல புள்ளி பெற்றவர் அம்மாணவர். கணையம், இன்சுலின், குளுக்கோசு, அவற்றின் இயக்கம் ஆகிய யாவும் அவர் மனத்தில் வரிசையாக இருந்தன. ஆனால் அவ்வம்மையாருக்கு விளங்கும் வாக்கியமொன்று அவர் வாயில் எழவில்லை. சிறிது நேரம் தடுமாறியபின், "டாக்டர் சொன்னபடி குடியுங்கள் பாட்டி" என்று மட்டும் கூறினார். அம்மையார் தலையசைத்தார், ஆனால் ஐயம் தீர்ந்தவராகத் தோன்றவில்லை. அவர் படியிறங்குமுன் இறுதியாண்டு மாணவர் அவரை அழைத்து அருகே அமர்ந்தார். இந்நோய் நெடுங்காலம் நோவு காட்டாது என்பதையும், அதற்குள்ளேயே இரத்தத்திற் கூடிய சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தின் உணர்ச்சியையும் சிறிது சிறிதாகக் கெடுக்கும் என்பதையும், நன்றாயிருக்கின்றோம் என்ற எண்ணத்தை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது என்பதையும் வீட்டுப் பேச்சிலே எடுத்துரைத்தார். பின்னர், "நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள்" எனக் கேட்டார். அம்மையார் தம் சொற்களிலே அதனைத் திருப்பிச் சொன்னார். அன்று அவர் மருந்தின் காரணத்தை அறிந்து வீடு திரும்பினார்.

இளைய மாணவர் வெட்கமுற்றார். அவர் வெட்கமுற வேண்டியதில்லை என்றோம். தாம் விரும்பும் முறையிலே அவர் நன்கு கற்றிருந்தார். ஆனால் தாம் கற்றதை இன்னொருவர்க்குச் சொல்லிப் பார்க்கும் நிலை அவருக்கு அதுவரை நேரவில்லை. விரும்பாத முறை எதுவோ அதுவே அவருக்குப் பெரிதும் வேண்டியதாய் இருந்தது.

இனி, இப்பொருள் பற்றி அறிஞர் கண்டவற்றை நோக்குவோம்.

மாணவரின் கற்றல் விருப்பத்தை அளக்க முயன்றோருள் நியூசீலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் என்பவர் பெரிதும் அறியப்பட்டவர். பார்த்துக் கற்போர், கேட்டுக் கற்போர், படித்தும் எழுதியும் கற்போர், செய்து கற்போர் எனக் கற்போரை வகுக்கும் அவரது வினாக்கொத்து 1992இல் வெளியான கட்டுரையால் பரவிற்று. உலகெங்கும் மருத்துவக் கல்லூரிகளிலே அதனைக் கொடுத்து மாணவர் விருப்பத்தை எண்ணியிருக்கின்றனர். ஆயின், கண்ணால் அறிய விரும்புவோர்க்குக் கண்ணுக்கும் செவியால் அறிய விரும்புவோர்க்குச் செவிக்கும் ஏற்பக் கற்பித்தால் அவர் மிகுதியாகக் கற்பர் என்பதற்குப் போதிய சான்று உளதோ எனின், அமெரிக்க உளவியலறிஞர் நால்வர் 2008இல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஆராய்ந்து, இல்லை என்றே முடிபு கூறினர். இதன் காரணம் மருத்துவம் பயில்வோர்க்கு எளிதில் விளங்கும். இதய ஒலியைச் செவியாலன்றி அறிதல் இயலாது. தோலிற் படரும் தடிப்பைக் கண்ணாலன்றி அறிதல் இயலாது. வீங்கிய ஈரலைக் கையாலன்றி அறிதல் இயலாது. எப்புலனால் கற்பது என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருளே தீர்மானிக்கின்றது. ‘நான் கேட்டுக் கற்பவன்’ என்று கூறி எவரும் ஈரலைத் தொடாது விடல் கூடாது.

விருப்பம் மட்டுமன்று, கற்றுவிட்டோம் என்னும் உணர்வும் நம்மை ஏமாற்ற வல்லது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் என்னும் சென் லூயிஸ் நகரப் பல்கலைக்கழகத்திலே ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. மாணவருள் ஒருசாரார் ஒரு பகுதியை நான்கு முறை படித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை படித்தபின், அதனைப் பாராமலே நினைவிலிருந்து மூன்று முறை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர் நூற்றுக்கு 83 பங்கும், எழுதிப் பார்த்தவர் 71 பங்கும் நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ படித்தவரிடம் எஞ்சியது 40 பங்கு. எழுதிப் பார்த்தவரிடம் எஞ்சியது 61 பங்கு. ஆயினும் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்களே. 2019இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிக வகுப்புகளிலே நிகழ்ந்த ஆய்வும் இதனோடு ஒத்தது. தாமே முயன்று கணக்குகளைத் தீர்க்கும் வகுப்பிலிருந்த மாணவர் கூடுதலாகக் கற்றனர். ஆனால் சீரான விரிவுரையைக் கேட்டிருந்தவர்களே தாம் கூடுதலாகக் கற்றதாக எண்ணினர்.

எம் ஊர் அம்மையாரின் நிலையும் இதுவேயன்றோ? உடம்பிலே நோவில்லை, ஆதலின் நோயில்லை என அவர் எண்ணினார். படிக்கையிலே தடையில்லை, ஆதலின் கற்றுவிட்டோம் என மாணவர் எண்ணுகின்றனர். தடையும் தடுமாற்றமும் கல்வி உள்ளே இறங்குவதன் அறிகுறிகளாகவும் இருத்தல் கூடும்.

விஞ்ஞானப் பாடங்களில் இவ்விருவகைக் கற்பித்தலையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் அமெரிக்க அறிஞர் சிலர் கணித்தபோது, விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளிலே நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேரும், மாணவர் தாமே செயற்பட்ட வகுப்புகளிலே ஏறத்தாழ 22 பேரும் சித்தியடையாது போயினர் எனக் கண்டனர். தோட்டத்திலிருந்து முதன்முறையாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவர், இவ்விரு எண்களுக்கும் இடையிலே உள்ள பன்னிருவருள் ஒருவராய் இருத்தல் கூடும் என்பதே எமது கவலை.

இவற்றையெல்லாம் மேனாட்டார் புதிதாகக் கண்டனர் என எண்ணுதல் வேண்டா. 13ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியை நம் தமிழாசிரியரிடம் பாடங்கேட்டவர் அறிவர். ஆசிரியர் கூறியதை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவர்க்குக் கிட்டுவது புலமையின் காற்பங்கே. உடன்கற்போரோடு பழகிப் பயில்வதால் மற்றொரு காற்பங்கு கிட்டும். கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அங்குக் கூறப்படும் கணக்கு. விரிவுரை காற்பங்கு, குழு காற்பங்கு, பிறர்க்கு உரைத்தல் அரைப்பங்கு! எம் இளைய மாணவர் முதற் காற்பங்கைப் பெற்றிருந்தார், இரண்டாவதற்கு அஞ்சியிருந்தார், அரைப்பங்கோ அன்று விறாந்தையில் அம்மையாரின் உருவில் வந்து அவர்முன் நின்றது.

மருத்துவக் கல்வியின் வரலாறும் இதே திசையிற் சென்றிருத்தலைக் காணலாம். 1890களிலே வில்லியம் ஓஸ்லர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் மாணவரை நோயாளரின் கட்டிலருகே கொண்டுசென்று கற்பித்தார். 1910இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்க, கனேடிய மருத்துவக் கல்லூரிகளை நேரிற் பார்த்து எழுதிய அறிக்கை, கேட்டு மனனஞ் செய்வது போதாது, ஆய்கூடத்திலும் வைத்தியசாலையிலும் செய்து கற்றல் வேண்டும் என வற்புறுத்தியது. 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம், நோயாளர் ஒருவரின் வரலாற்றைச் சிறுகுழுவொன்றின் முன் வைத்து, அதனை அவிழ்க்க வேண்டிய அறிவை மாணவரே தேடிக்கொள்ளும் முறையை மருத்துவக் கல்வியின் நடுவே அமைத்தது.

நம் நாட்டிலும் இச்சிந்தனை தோன்றாமல் இல்லை. 1870இல் கொழும்பிலே மருத்துவப் பாடசாலை நிறுவப்பட்டது. இரண்டாவது மருத்துவ பீடம் 1962இல் பேராதனையிலே தோன்றிற்று. கண்டி வைத்தியசாலையே அதன் மாணவர்க்குக் கட்டிலருகுப் பாடசாலையாயிற்று. அப்பீடத்துக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துக் கொள்கைக்காக உலகறிந்தவர்; மருத்துவத்தை எவ்வாறு கற்பிப்பது என்பதிலும் அவர் ஊக்கமுடையவராய் இருந்தார். மருத்துவம் கற்பிப்போர்க்கே கற்பிக்கும் முறையைப் பயிற்றும் பணி 1970களிலே பேராதனையில் வேரூன்றிற்று. மடுல்கெல்ல நோயாளர் கடினநோய்க்கு மலையிறங்கிச் செல்வதும் அக்கண்டி வைத்தியசாலைக்கே. ஆதலின் அங்குக் கட்டிலருகே நின்று எம்மவரைக் காட்டியே தலைமுறை தலைமுறையாக மருத்துவர் பலர் கற்றிருக்கின்றனர் எனலாம். கற்பித்த அந்நோயாளர்க்கு அம்மாணவர் பட்டிருக்கும் கடன் சிறிதன்று.

இதுகாறும் கூறியவற்றால், மாணவரின் விருப்பத்தைப் பொருட்படுத்தற்க என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. விருப்பம் நீதிபதி அன்று. ஆனால் அது கேட்கப்படவேண்டிய சாட்சி. அச்சாட்சியை நன்கு விசாரித்தால் மூன்று உண்மைகள் வெளிப்படும்.

முதலாவது, கற்பித்தலின் குறை. பதிவுசெய்த விரிவுரையை விரும்பும் மாணவர், மண்டபத்திலே பேச்சு தமக்கு விரைவாக இருக்கின்றது என்று கூறாமற் கூறுகின்றார். குழுவை வெறுப்பவர்களுள் சிலர், வழிநடத்தும் ஆசிரியர் வாராத குழுவையோ, நால்வர் பேச அறுவர் உறங்கும் குழுவையோ வெறுக்கின்றனர். பெயரளவிலே குழு அமைப்பதாற் பயனில்லை. தெளிந்த விரிவுரையாளர் ஒருவர் ஒருமணி நேரத்திலே வரைந்து காட்டும் பாடத்தின் முழு வடிவம், ஒழுங்கற்ற குழுவொன்றுக்கு மூன்று நாளிலும் கிட்டாது. ஆதலின் விரிவுரையைப் பழித்தலும் எமது கருத்தன்று.

இரண்டாவது, பரீட்சையின் ஆட்சி. எது வினாத்தாளில் வருமோ அதற்குதவும் முறையையே மாணவர் விரும்புவர். இஃது அவர் குற்றமன்று. 1975இல் ஸ்கொத்லாந்தின் டண்டி நகரத்திலே ரொனால்ட் ஹார்டனும் அவர் துணைவரும் புதியதொரு செயன்முறைப் பரீட்சையை அறிவித்தனர். மாணவர் ஒவ்வொரு நிலையமாகச் சென்று, ஓரிடத்தில் நோயாளியை விசாரித்தும் ஓரிடத்தில் சோதித்தும் தம் திறமையைக் காட்டும் அப்பரீட்சை பின்னர் உலகெங்கும் பரவிற்று. அதன்பின் செயன்முறையிலே மாணவர்க்கு ஊக்கம் பெருகியதில் வியப்பில்லை. எதனை அளக்கின்றோமோ அதனையே அவர் விரும்பத் தொடங்குவர்.

மூன்றாவது, மாணவர் வந்த வழி. இதுவே எமக்கு நெருங்கியது. மொழியச்சத்தாற் பிறந்த விருப்பத்தை இயல்பான விருப்பமெனக் கொண்டு, ‘இவர்க்கு விரிவுரையே உகந்தது’ என விட்டுவிடுதல், தாழ்வாரத்தில் நிற்பவனுக்குத் தாழ்வாரமே விருப்பம் என்று கூறிக் கதவைச் சாத்துவது போலாம்.

இவ்விடத்திலே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் பெரியாரை நினையாதிருத்தல் இயலாது. அமெரிக்க நாட்டினரான அவர் 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே வைத்தியம் செய்ததோடு உள்நாட்டு இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவத்தையும் கற்பித்தார். தொடக்கத்திற் கற்பித்த மொழி ஆங்கிலம். ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வழியாயிருந்த காலம் அது. ஆனால் ஆங்கிலத்திற் கற்ற வைத்தியர் கிராமத்தை விட்டு வேறிடம் நாடுவர் என்பதையும், கிராமத்தவர்க்கு வேண்டியவர் அவர்தம் மொழியிலே பேசி அவரிடையே வாழும் வைத்தியரே என்பதையும் உணர்ந்து, 1860களிலே தமிழிற் கற்பிக்கத் தொடங்கினார். நூல்கள் இல்லாமையால் தாமும் தம் மாணவருமாக அவற்றை ஆக்கினார். ‘இரணவைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

கிறீன் தம் மாணவரின் ஆசையை அளவுகோலாகக் கொண்டிலர். மாணவர் எங்கே சென்று, யாருக்கு, எந்த மொழியிலே பணிசெய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிக் கற்பிக்கும் முறையைத் தீர்மானித்தார். இன்றைய மருத்துவத்தை ஆங்கிலமின்றிக் கற்றல் அரிது என்பதை நாம் அறிவோம். அக்காலத்துக்குத் திரும்புமாறு எவரையும் கேட்கவில்லை. ஆனால் அவர் தொடங்கிய இடம் சரியானது. நூலிலே ‘நீரிழிவு’ என்பதை யாழ்ப்பாணத்து முதியவர் ‘சலரோகம்’ என்பர். எமது தோட்டத்தவர் ‘சீனி வருத்தம்’ என்பர். இம்மூன்றையும் அறிந்து, ஆங்கிலத்திற் கற்றதை இம்மூவர்க்கும் விளங்கச் சொல்ல வல்லவரே அந்நோயை முற்றக் கற்றவர். தமிழ் அறியாச் சகோதர மாணவர்க்கும் இது பொருந்தும். சிங்களக் கிராமத்திலே பணிபுரியப்போகும் தமிழ் மாணவர்க்கும் இது பொருந்தும்.

ஆதலின் எமது கருத்துகளைத் தொகுத்துக் கூறுவோம்.

மருத்துவ பீடங்களிற் கற்பிக்கும் பெரியோர், மாணவரின் விருப்பத்தைக் கேட்கும்போது காரணத்தையும் கேட்பாராக. அவர் விரும்பிய முறையால் ஒரு மாதம் கழித்து எவ்வளவு எஞ்சியது என்பதையும் சோதிப்பாராக. குழு வகுப்பிலே பேசுமுன் ஒவ்வொருவரும் தம் விடையை இரண்டு நிமிடம் எழுதிக்கொள்ள இடங்கொடுத்தால், விரைந்து பேசுவோர்க்கும் மெல்லப் பேசுவோர்க்கும் இடையேயுள்ள தூரம் குறையும். முதலாண்டிலே சிக்கலான கருத்தைத் தாய்மொழியிற் சிந்தித்துப் பின் ஆங்கிலத்திற் கூற அனுமதித்தலும் நன்று. நோயாளிக்கு அவர் மொழியிலே நோயை விளக்கி, அவர் வாயால் அதனைத் திருப்பிக் கேட்டறியும் திறனை எல்லாப் பீடங்களும் தம் செயன்முறைப் பரீட்சையில் தவறாது அளத்தல் வேண்டும்.

எமது கல்லூரியின் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். குழுவிலே பேசும் அச்சம் பல்கலைக்கழகத்திற் பிறப்பதன்று. வகுப்பிலே மாணவர் வாய்திறவாது வளர்ந்த ஆண்டுகளிற் பிறப்பது. ஆறாம் வகுப்பிலிருந்தே வாரத்தில் ஒரு பாடவேளையாயினும் மாணவர் ஒருவர் எழுந்து, தாம் கற்ற பாடத்தைத் தம் தோழர்க்கு விளக்குவாராக. முதலில் தமிழிலும், பின்னர் அதனையே எளிய ஆங்கிலத்திலும். தவறினால் எவரும் சிரியாதிருத்தல் அவ்வகுப்பின் விதியாகட்டும்.

பழைய மாணவராகிய நாமும் ஒன்று செய்யலாம். மருத்துவராய் உள்ள எம்மவர் மேற்பார்வையிலே, மருத்துவ மாணவர் விடுமுறை நாளொன்றில் தோட்டத்து மக்களிடையே அமர்ந்து, நீரிழிவு, இரத்த அழுத்தம், பிள்ளைப்பேற்றுக் காலத்து இரத்தச்சோகை முதலியவற்றை எடுத்துரைக்கும் கூட்டங்களை நடத்தலாம். மருந்து கொடுத்தல் அங்கு வேண்டா; சொல்லுதலும் கேட்டலுமே போதும். அதனால் ஊரார் பெறும் பயன் ஒன்று. மாணவர் பெறும் அரைப்பங்குப் புலமை மற்றொன்று.

மாணவர்க்கு இறுதியாக ஒன்று கூறுவோம். உங்களுக்கு இனிதாக இருக்கும் முறையைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. குறிப்புகளைப் படியுங்கள், பதிவுகளைக் கேளுங்கள். ஆனால் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள், தோழரோடு வாதிடுங்கள், வீட்டிலே பாட்டியார்க்குச் சொல்லிப் பாருங்கள். எங்கே நா தடுமாறுகின்றதோ அங்கேதான் கல்வி இன்னும் முற்றவில்லை என அறியுங்கள்.

எம் இளைய மாணவர் பீடத்துக்குத் திரும்பும் முதல்நாள், எவரும் அழையாமலே அயல் லயத்துக்குச் சென்று அவ்வம்மையாரின் வாசலிலே நெடுநேரம் அமர்ந்திருந்ததாக அறிந்தோம். என்ன பேசினார் என நாம் கேட்கவில்லை. பீடத்திலே அவரது குழுவில் அவர் முறை வரும்போது, முன்னிலும் சிறிது அச்சங்குறைந்து வாய்திறப்பார் என நம்புகின்றோம். விழாக் கொண்டாடும் எமது கல்லூரியிலிருந்து அத்தகைய மாணவர் பலர் மலையிறங்கிச் சென்று, மருத்துவராய் மீண்டும் மலையேறி வருவாராக.